ஸ்காட்லாந்தின் ஃப்ரீமேசன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீமேசன் என்றதுமே உலகத்தை மறைவில் இருந்து ஆட்டிவைக்கும் கூட்டம், டாலர் நோட்டில் இருக்கும் கண், புதையல் என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. ஸ்காட்லாந்தில் கிடைக்கும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால் வேறு படம் தெரியும். கல் உடைத்துக் கட்டடம் எழுப்பியவர்களின் கூலித் தகராறு, அபராதம், விருந்துச் செலவு, யாரை வேலைக்கு வைக்கலாம், யாரை வைக்கக் கூடாது என்ற சண்டை. எனக்கு அந்தப் படம்தான் சுவாரசியம். அதனால் இந்தப் பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஃப்ரீமேசன்கள் என்பவர்கள் யார்?

இன்றைய நிலையில், உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் ஒரு சங்கம். கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கல்தச்சர்கள் வேலை செய்யவும் இளைப்பாறவும் போட்டுக்கொண்ட கொட்டகைக்கு இருந்த பெயர் இது. சடங்குகளில் மூலைமட்டமும் கவராயமும் தோல் ஏப்ரனும் இன்னும் இருக்கின்றன. ஆனால் உறுப்பினர்களில் கல்லும் உளியும் பிடித்தவர்கள் இன்று அரிது. டாக்டர், ஓட்டுநர், கடைக்காரர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் என்று எல்லாரும் உண்டு.

கைவினைச் சங்கமும் லாட்ஜும் ஒன்றுதானா?

இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதி வரலாறு எளிதாகிவிடும்.

ஸ்காட்லாந்தின் நகரங்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் நகர மன்றம் அங்கீகரித்த ஒரு சங்கம் இருந்தது. எடின்பரோவில் கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் சேர்ந்து 1475-இல் அப்படி ஓர் உரிமைச் சாசனம் வாங்கினார்கள். புனித ஜைல்ஸ் தேவாலயத்தில் புனித யோவானின் பீடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதைப் பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. பிற்காலத்தில் மேரி சேப்பல் என்ற கட்டடத்தில் கூடியதால் சங்கத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நகர எல்லைக்குள் யார் தொழில் செய்யலாம், வேலையின் தரம் சரியா, பழகுநரை எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் சங்கத்தின் கையில்.

ஆனால் கல்தச்சர் ஒரே ஊரில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. இன்று ஒரு கோட்டை, அடுத்த ஆண்டு நாற்பது மைல் தள்ளி ஒரு பாலம். அதோடு எடின்பரோ சங்கத்தில் மரத்தச்சர்களும் பாதி இடத்தை அடைத்திருந்தார்கள். கல்தச்சர்களுக்கு மட்டுமே ஆன, நகர எல்லையைத் தாண்டியும் செல்லுபடியாகும் ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அந்த இடத்தை லாட்ஜ் நிரப்பியது. 1560-இல் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபை வந்து சங்கங்களின் பழைய பீடங்களையும் திருவிழாக்களையும் ஒழித்துக்கட்டியது. அதில் விட்டுப்போன சடங்கு ஆசையும் லாட்ஜுக்குள் குடியேறியது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

வில்லியம் ஷா என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனைக் கட்டட வேலைகளுக்குத் தலைமை அதிகாரி. 1583-இல் பதவிக்கு வந்தார், 1602-இல் இறந்தார், டன்ஃபர்ம்லின் மடாலயத்தில் அடக்கம். ஃப்ரீமேசன்களுக்கு நிறுவனர் என்று ஒரே ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

1598 டிசம்பர் 28-ஆம் தேதி நாடு முழுவதுமுள்ள கல்தச்சர்களுக்கு இவர் ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டார். பழகுநர் குறைந்தது 7 ஆண்டு கட்டுப்பட்டு இருக்க வேண்டும். அது முடிந்தும், தனி அனுமதி இல்லாவிட்டால், தேர்ந்த தொழிலாளியாக ஏற்கப்பட இன்னும் 7 ஆண்டு. சிறப்பு ஒப்புதல் இல்லாமல் ஒரு மேஸ்திரி தன் வாழ்நாளில் 3 பழகுநருக்கு மேல் எடுக்கக் கூடாது. இன்னொருவர் பேசி முடித்த வேலையைக் குறுக்கே புகுந்து பிடித்தால் 40 பவுண்டு அபராதம். இது ஸ்காட்டிஷ் பவுண்டு. இங்கிலாந்து பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் பெறும். இருந்தாலும் கூலிக்காரருக்குப் பெரிய தொகை.

எனக்குப் பிடித்த விதி சாரம் பற்றியது. மேஸ்திரியின் அலட்சியத்தால் சாரம் சரியாகக் கட்டப்படாமல் வேலையாட்கள் யாருக்காவது காயம் ஏற்பட்டால், அவர் அதன்பின் வேலைக்குப் பொறுப்பேற்கும் மேஸ்திரியாகவே இருக்க முடியாது. ஆயுள் முழுக்க இன்னொரு மேஸ்திரிக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் என்று யாரும் கேள்விப்படாத காலத்தில் இப்படி ஒரு தண்டனை.

அடுத்த ஆண்டு அதே தேதியில் இரண்டாவது தொகுப்பு வந்தது. எடின்பரோ முதல் லாட்ஜ், கில்வின்னிங் இரண்டாவது, ஸ்டர்லிங் மூன்றாவது என்று அதில் வரிசை போட்டார். புதிதாக ஏற்கப்படும் தொழிலாளி விருந்துக்கு 10 பவுண்டும், 10 ஷில்லிங் மதிப்புள்ள கையுறைகளும் தர வேண்டும் என்றார். உறுப்பினர்களின் நினைவாற்றல் கலையைச் சோதிக்க வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. கல் செதுக்குகிறவருக்கு நினைவாற்றல் தேர்வு எதற்கு என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நீண்ட சடங்குகளை எழுதாமல் மனப்பாடமாகச் சொல்லும் இன்றைய பழக்கத்துக்கு இதுவே தொடக்கம் என்பது ஒரு விளக்கம்.

ஷாவின் உத்தரவுக்குக் கைமேல் பலன் இருந்தது. ஐட்சன்ஸ் ஹேவன் லாட்ஜின் குறிப்பேடு 1599 ஜனவரியில் தொடங்குகிறது. எடின்பரோவுடையது அதே ஆண்டு ஜூலையில். உலகில் எங்குமே இவற்றைவிடப் பழைய லாட்ஜ் குறிப்பேடுகள் கிடைத்ததில்லை.

அந்த ரகசியம்தான் என்ன?

பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் இதை மேசன் சொல், அதாவது கல்தச்சர் சொல், என்றார்கள். அடையாளச் சொற்கள், கை குலுக்கும் முறை, சில கேள்விகளும் அவற்றுக்குரிய பதில்களும் சேர்ந்தது அது. அடையாள அட்டையோ சான்றிதழோ இல்லாத நாளில், முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்து 'நான் முறையாகப் பழகியவன், வேலை கொடு' என்று நின்றால் எப்படி நம்புவது? அதற்கான ஏற்பாடு.

யாரைத் தடுக்க இது? முறையாகப் பழகாமல், பெரும்பாலும் சாந்து இல்லாமல் வெறும் கல் அடுக்கிச் சுவர் எழுப்பியவர்களுக்குக் கோவன் என்று பெயர். கோவனோடு வேலை செய்தால் ஷாவின் விதிப்படி 20 பவுண்டு அபராதம். 1707-இல் கில்வின்னிங் லாட்ஜ் இன்னும் வெளிப்படையாகவே எழுதி வைத்தது: கோவன் என்றால் சொல் இல்லாதவன். ஆக, ரகசியம் பிறந்தது பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள.

1696-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கையெழுத்துப் படி எடின்பரோவில் இருக்கிறது. அதுவும் கேள்வி பதில் வடிவம்தான். முழுமையான லாட்ஜ் எது என்று ஒரு கேள்வி. ஏழு மேஸ்திரிகளும் ஐந்து பழகுநர்களும், நகரத்தில் இருந்து ஒரு நாள் நடைதூரத்தில், நாய் குரைப்போ சேவல் கூவலோ கேட்காத இடம் என்று பதில். முதல் லாட்ஜ் எங்கே இருந்தது? சாலமோன் ஆலயத்தின் முகப்பு மண்டபத்தில். புதியவரை உறுதிமொழி எடுக்கவைத்த பிறகு ஆயிரம் கோணங்கி சேட்டையும் முகச்சுளிப்பும் காட்டிப் பயமுறுத்த வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. கல்லூரி விடுதியில் ராகிங் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இந்தச் சடங்குகள் எல்லாம் பல முறை அச்சில் வந்துவிட்டன. நூலகத்தில் படிக்கலாம்.

கல்லையே தொடாத கனவான்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

மெதுவாக, ஒவ்வொருவராக. 1600-இல் எடின்பரோ லாட்ஜின் குறிப்பேட்டில் ஆக்கின்லெக் நிலக்கிழார் ஜான் பாஸ்வெல் தன் குறியை இட்டிருக்கிறார். அவர் உறுப்பினரா, ஒரு வழக்குக்காக வந்து உட்கார்ந்தவரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 1634 ஜூலையில் அதே லாட்ஜ் அலெக்சாண்டர் பிரபு, அவர் தம்பி சர் ஆன்டனி, சர் அலெக்சாண்டர் ஸ்ட்ராக்கன் ஆகிய மூவரைச் சேர்த்ததில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதைவிட நல்ல கதை ராபர்ட் மோரேயுடையது. 1641-இல் ஸ்காட்லாந்துப் படை இங்கிலாந்துக்குள் புகுந்து நியூகாசிலைப் பிடித்து வைத்திருந்தது. படையில் இருந்த எடின்பரோ லாட்ஜ்காரர்கள் மே 20-ஆம் தேதி அங்கேயே கூடி மோரேயைச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்து மண்ணில் நடந்ததாகப் பதிவான முதல் சேர்க்கை அது. சேர்த்ததும் சேர்ந்ததும் ஸ்காட்லாந்துக்காரர்கள். மோரே தனக்கு ஐந்துமுனை நட்சத்திரத்தைக் குறியாக எடுத்துக்கொண்டு கடிதங்களில்கூட அதைப் போட்டார். பிற்பாடு லண்டன் ராயல் சொசைட்டியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

இவர்களுக்கு என்ன ஆர்வம்? கட்டடக்கலை, வடிவியல், பழங்கால ஞானம் ஆகியவற்றின் மீது அக்காலக் கற்றவர்களுக்குப் பெரிய மோகம் இருந்தது. கல்தச்சர்களிடம் ஏதோ மறைபொருள் இருக்கிறது என்று நம்பினார்கள். கல்தச்சர்கள் தரப்பில், பெரிய மனிதர் வந்தால் சேர்க்கைப் பணமும் செல்வாக்கும் வரும். இரு தரப்புக்கும் லாபம்.

உள்ளே முதலாளி, தொழிலாளி சண்டை வந்ததில்லையா?

வந்தது, சிறை வரை போனது. எடின்பரோ லாட்ஜில் மேஸ்திரிகள் கணக்குவழக்கைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, கூலிக்கு வேலை பார்த்த தேர்ந்த தொழிலாளிகளை ஒதுக்கிவைத்தார்கள். நோயில் விழுந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் கொடுக்க வேண்டிய பொதுப்பெட்டிப் பணமும் அதில் அடக்கம். 1707-ஐ ஒட்டி முறுகல் தொடங்கி, சில ஆண்டுகளில் தொழிலாளிகள் தனியே பிரிந்து போனார்கள். மேஸ்திரிகள் விடவில்லை: பிரிந்த தொழிலாளிகளில் இருவர் சிறைக்குப் போனார்கள், அவர்களுடைய கணக்குப் புத்தகமும் பறிபோனது.

வழக்கு நடுவர்களிடம் போய் 1715 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. மேஸ்திரிகள் 100 ஸ்காட்டிஷ் பவுண்டு நஷ்டஈடு தர வேண்டும். தொழிலாளிகள் தனியாகக் கூடி மேசன் சொல்லை வழங்கலாம், தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்கலாம். இப்படிப் பிறந்த லாட்ஜ் ஜர்னிமென் என்ற பெயரில், 8 என்ற எண்ணோடு இன்றும் எடின்பரோவில் இயங்குகிறது. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வழக்கைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு வியப்பு.

டெம்ப்ளர் என்ற சிலுவைப் போர் வீரர்களிடம் இருந்து ஃப்ரீமேசன்கள் வந்தார்கள், எடின்பரோ பக்கத்து ராஸ்லின் தேவாலயம் அதற்குச் சாட்சி என்பதெல்லாம் உண்மையா?

டெம்ப்ளர் அமைப்பைப் போப்பாண்டவர் 1312-இல் கலைத்தார். ராஸ்லின் தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டது 1446-இல். நடுவில் 134 ஆண்டுகள். இரண்டையும் இணைக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சிலுவைப் போர் வீரர்களிடம் இருந்து ஃப்ரீமேசன்கள் வந்தார்கள் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் பெரும் பங்கு ஆண்ட்ரூ மைக்கேல் ராம்சே என்பவருடையது. ஸ்காட்லாந்தின் ஏர் ஊரில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த அவர் 1730களில் பாரிஸில் ஆற்றிய உரையில் இருந்து இது கிளம்பியது. பிரெஞ்சுப் பிரபுக்களுக்குக் கொத்தர் வம்சம் என்று சொல்வதைவிடப் போர்வீரர் வம்சம் என்று சொல்வது இனித்திருக்கும்.

ராஸ்லினின் சிங்க்ளேர் குடும்பத்துக்குத் தொடர்பு இருக்கிறது, ஆனால் அது வேறு வகை. 1601-லும் 1628-லும் கல்தச்சர்கள் கையெழுத்திட்ட இரு சாசனங்களில், எங்கள் தகராறுகளைத் தீர்க்கும் புரவலராக நீங்கள் இருங்கள் என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஜமீன்தாரை அழைப்பது போன்ற சங்கதி.

முதலில் தொடங்கியது இங்கிலாந்திலா, ஸ்காட்லாந்திலா?

கிளைகளுக்கு மேல் ஒரு தலைமை அமைப்பு, அதாவது கிராண்ட் லாட்ஜ், முதலில் வந்தது லண்டனில்; 1717 என்பது மரபாகச் சொல்லும் ஆண்டு. அயர்லாந்தில் 1725. ஸ்காட்லாந்தில் 1736 நவம்பர் 30, புனித ஆண்ட்ரூ நாள். 33 லாட்ஜ்களின் பிரதிநிதிகள் எடின்பரோவில் கூடினார்கள். ராஸ்லினின் வில்லியம் சிங்க்ளேர், கல்தச்சர்களின் புரவலர் என்ற தன் பரம்பரை உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. நெகிழ்ந்துபோன கூட்டம் அவரையே முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் உறுப்பினர் ஆனதே அந்த ஆண்டு மே மாதம்தான் என்பதைக் கவனித்தால், இது முன்கூட்டியே பேசி வைத்த நாடகமோ என்று தோன்றும்.

கிளைகள், குறிப்பேடுகள், உறுப்பினர்களுக்கான முதல் இரண்டு படிநிலைகள் எல்லாம் ஸ்காட்லாந்தில்தான் முந்தி.

ஒரு லாட்ஜின் எண் பூஜ்யமாமே?

ஆமாம், கில்வின்னிங். தாங்களே தாய் லாட்ஜ் என்பது அவர்கள் உரிமைகோரல். ஆனால் கையில் இருந்த குறிப்பேடு 1642-இல் தொடங்குவது. எடின்பரோவிடம் 1599-இன் ஏடு இருந்ததால் அதற்கு முன்னிடம் போனது. கோபித்துக்கொண்டு 1743-இல் வெளியேறிய கில்வின்னிங், 1807-இல்தான் திரும்பி வந்தது. சமாதானமாக, பட்டியலின் உச்சியில், எண் ஒன்றுக்கும் மேலே இடம். அதைத்தான் பூஜ்யம் என்கிறார்கள்.

உறுப்பினருக்கு எத்தனை படிகள்? 33 என்கிறார்களே?

அடிப்படை மூன்றுதான்: பழகுநர், தேர்ந்த தொழிலாளி, மேஸ்திரி. முதல் இரண்டும் ஷா காலத்துப் பெயர்களே. மூன்றாவது தனிப்படியாகத் தெரியவருவது 1720களில். ஸ்காட்லாந்தில் முதல் பதிவு 1726-இல் டம்பார்டன் கில்வின்னிங் லாட்ஜில். சாலமோன் ஆலயத்தைக் கட்டிய ஹீராமின் கொலைக் கதை இந்தப் படியில்தான் வருகிறது. கல்லில் தன் அடையாளக் குறி வெட்டும் பழைய வழக்கத்தின் நினைவாக ஒரு குறிப் படியும் உண்டு; ஸ்காட்லாந்தில் அதைச் சாதாரண லாட்ஜிலேயே வழங்குகிறார்கள்.

33 படி கொண்ட ஸ்காட்டிஷ் ரைட் என்பது வேறு. அதன் பெரும்பாலான படிகள் பிரான்சில் உருவானவை; அமைப்பாக உருப்பெற்றது 1801-இல், அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில். ஸ்காட்லாந்துக்கு அதில் பெயர் மட்டுமே சொந்தம்.

இது ஒரு மதமா?

இல்லை. பரம்பொருள் ஒன்றில் நம்பிக்கை வேண்டும். அது எந்த மதத்துக் கடவுள் என்று கேட்பதில்லை. லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் பேசத் தடை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை 1738-இல் இருந்தே எதிர்க்கிறது. 1983-இலும் வத்திக்கான் அந்த நிலையை உறுதி செய்தது. சில புரொட்டஸ்டன்ட் சபைகளுக்கும் இதில் சங்கடம் உண்டு.

ஆரஞ்சு ஆர்டரோடு இதைக் குழப்புகிறவர்கள் ஸ்காட்லாந்திலேயே நிறையப் பேர். அது 1795-இல் வட அயர்லாந்துப் பகுதியில் பிறந்த புரொட்டஸ்டன்ட் அரசியல் அமைப்பு. லாட்ஜ், பட்டைத்துணி போன்ற வெளித்தோற்றத்தை ஃப்ரீமேசன்களிடம் இருந்து எடுத்துக்கொண்டது.

பெண்கள் சேரலாமா?

ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜில் முடியாது. பெண்களுக்கான தனி அமைப்புகள் இருக்கின்றன. ஆண் பெண் இருவரும் சேரும் ஈஸ்டர்ன் ஸ்டார் அமைப்புக்கு ஸ்காட்லாந்தில் நல்ல வரவேற்பு.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் உறுப்பினராமே?

1781 ஜூலை 4-ஆம் தேதி, டார்போல்டன் கிராமத்தில் சேர்ந்தார். அப்போது வயது 22, ஏழை விவசாயி மகன். 1784-இல் தன் லாட்ஜின் துணைத்தலைவர் ஆனார். கூட்டங்களை நடத்தியதே பெரும்பாலும் அவர்தான். 1786-இல் முதல் கவிதைத் தொகுப்பைக் கில்மார்னக்கில் அச்சிட முன்பதிவு செய்தவர்களில் லாட்ஜ் நண்பர்கள் பலர். எடின்பரோவுக்குப் போனபோது பிரபுக்கள் வீட்டுக் கதவுகள் திறந்ததும் இந்தத் தொடர்பால்தான். உழவனும் பிரபுவும் ஒரே மேசையில் உட்கார அன்று வேறு இடங்கள் குறைவு.

இந்தியாவில் ஸ்காட்லாந்துக் கிளைகள் உண்டா?

உண்டு, அதில் ஒரு கிளைக்கு நல்ல கதையும் உண்டு. பம்பாயில் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இருந்தார், கவிஞர் பர்ன்ஸின் உறவினர். 1836-இல் மேற்கிந்தியாவுக்கான ஸ்காட்டிஷ் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்நாளில் பம்பாய் லாட்ஜ்கள் இந்தியர்களைச் சேர்க்கவில்லை. மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கனவான் பாரிஸ் வரை போய் உறுப்பினராகி வந்தார். இதைப் பார்த்த பர்ன்ஸ் 1843 டிசம்பரில் ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா என்ற லாட்ஜை, இந்தியர்களைச் சேர்ப்பதற்கென்றே தொடங்கினார். பார்சிகளும் முஸ்லிம்களும் முதலில் வந்தார்கள். இந்துக்களுக்குப் பல தெய்வ வழிபாட்டைக் காரணம் காட்டி இழுபறி நடந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் பலத்த எதிர்ப்பைத் தாண்டி 1872-இல்தான் நுழைய முடிந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் சேர்ந்த நரேந்திரநாத் தத், பிற்காலத்தில் விவேகானந்தர்.

தமிழ்நாட்டில் ஆங்கிலேய வழி லாட்ஜ்களே முந்தி வந்தவை. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களில் திருச்சியில் சேர்ந்தார். சென்னை எழும்பூரில் இருக்கும் ஃப்ரீமேசன் மண்டபம் 1925-இல் எழுந்தது. 1961-இல் இந்தியாவுக்கெனத் தனி கிராண்ட் லாட்ஜ் வந்தபோது, விரும்பியவர்கள் பழைய தலைமையோடு தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் எடின்பரோவுக்குக் கீழ் இயங்கும் லாட்ஜ்கள் இன்றும் இந்தியாவில் இருக்கின்றன.

சேர்ந்தால் வேலை, பதவி உயர்வு கிடைக்குமா?

சொந்த ஆதாயத்துக்காகச் சேரவில்லை என்று விண்ணப்பிப்பவர் உறுதி சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் இருவர் முன்மொழிய வேண்டும், பிறகு ரகசிய வாக்கெடுப்பு, அப்புறம் ஆண்டுச் சந்தா. கதவை மூடிக் கூடும் எந்தக் கூட்டத்தின் மீதும் வெளியாட்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அதை வெறும் வம்பு என்று தள்ளிவிட நான் தயாரில்லை. ஷாவின் காலத்தில் லாட்ஜ் இருந்ததே வேலையைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளத்தானே.

வேறு தொழில்களிலும் இப்படி உண்டா?

ஸ்காட்லாந்தில் இது ஒரு தொற்று மாதிரிப் பரவியது. எடின்பரோவுக்குக் கிழக்கே ஹாடிங்டனில் தோட்டக்காரர்கள் 1676-இல் 15 விதிகளோடு ஒரு சகோதர சங்கம் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஆதாம்தான் முதல் தோட்டக்காரர், சின்னத்தில் மூலைமட்டம், கவராயத்தோடு கிளை நறுக்கும் கத்தியும் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடகிழக்குப் பண்ணைகளில் உழவுக்குதிரை ஓட்டியவர்கள் குதிரைக்காரன் சொல் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ராத்திரியில், களஞ்சியத்தில், ரொட்டியும் விஸ்கியும் கொண்டுவரச் சொல்லிப் புதியவருக்கு அதை ஓதினார்கள். அது தெரிந்தால் எந்தக் குதிரையும் அடங்கும் என்று நம்பிக்கை. டிராக்டர் வந்ததும் அதற்கு வேலை போய்விட்டது.

இவற்றை நேரில் பார்க்க முடியுமா?

எடின்பரோ ஜார்ஜ் தெருவில் 1912-இல் கட்டி முடித்த கிராண்ட் லாட்ஜ் கட்டடத்தில் அருங்காட்சியகமும் நூலகமும் இருக்கின்றன. உறுப்பினர் அல்லாதவர்களும் போகலாம். போகும் முன் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராஸ்லினில் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். பழகுநர் தூண் என்று காட்டும் அந்தச் சுருள் வேலைப்பாட்டுத் தூணுக்கு எதிரே எப்போதும் கூட்டம் நிற்கும். டெம்ப்ளர் கதையை மறந்துவிட்டு, கல்வேலைக்காகவே பார்க்கத் தகுந்த இடம் அது.